காணி உறுதிக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு மலையக அரசியல் மேடைகளில் முப்பது வருடமாக அடிபட்ட ஒன்று. தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட அது இடம் தரவில்லை. லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு லோட் கல் கொட்டுவதற்கும் சபை உறுப்பினர் சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியிருந்தது. வாக்குக் கேட்டு உள்ளே வரலாம், வேலை செய்ய வரக்கூடாது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதுவரை, சபைக்கும் தோட்டத்துக்கும் நடுவில் சட்டம் போட்டிருந்த அந்த வேலியைத் தாண்டி மாமூலாகப் போய்வந்தது ஒன்றுதான்: குப்பை லொறி.

இதற்குக் காரணம் இருக்கிறது. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை எல்லாமே தேயிலைக்கு நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் பட்டணங்கள். ஒரு பிரதான வீதி, ஒரு பஸ் தரிப்பிடம், ஒரு கோவில், ஒரு பள்ளிவாசல், இரண்டு பக்கமும் கடை. கடைக்குப் பின்னால் பத்தடி போனால் தோட்டத்துக் காணி. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அந்தக் காணி அரசுக்குப் போனது. 1992இல் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு வந்து, 53 வருடக் குத்தகையில் இன்றும் அவர்களிடம் இருக்கிறது. நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ கழிவைக் கொண்டுபோய்ப் போடச் சொந்தமாக ஓர் ஏக்கர் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே சபை தோட்டத்தைக் கேட்கிறது. தோட்டம் எதைக் கொடுக்கும்? கொழுந்து நன்றாக வரும் மலையையா கொடுக்கும்? தேயிலை பிடிக்காத சரிவு, பற்றை மண்டிய பள்ளம், ஓடைக்கு மேல் இருக்கும் விளிம்பு, இவைதான் கிடைக்கும்.

அப்படி ஓர் இடம் எப்படி இயங்குகிறது என்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கவேண்டும். லொறி பின்பக்கமாக வந்து பாதையோரத்தில் நிற்கும். பின்கதவு திறந்ததும் மூட்டைகள் சரிவில் உருளும். மேலே கிடப்பது சந்தைக் கழிவு: கோவா இலை, லீக்ஸ் தண்டு, அழுகிய தக்காளி, கோழிக்கடை இறகு. அதோடு சேர்ந்து பற்றரி, டியூப் லைட், மருந்துக் குப்பி, பெயின்ட் தகரம், பிள்ளைகளின் பம்பர்ஸ். இலங்கையின் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் அழுகக்கூடியதுதான். அது அழுகும்போது சுரக்கும் கறுத்த நீர், பற்றரியிலும் தகரத்திலும் இருப்பதையெல்லாம் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும். மேடான இடத்தில் மழை குறைவாகப் பெய்தாலாவது தப்பலாம். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருட மழை 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். தென்மேற்குப் பருவம் தொடங்கினால் அந்தப் பள்ளத்தில் குப்பையைக் கழுவிக் கீழே அனுப்ப வேறு ஆள் தேவையில்லை. பள்ளத்துக்கு அடுத்த தொங்கலில் ஒரு லயம் இருக்கும். லயத்துக்குக் கீழே ஒரு தண்ணீர்ப் பீலி இருக்கும்.

பீலியோடு விஷயம் முடிவதில்லை. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. மவுஸ்சாக்கலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களுக்குள் வடிவது, மின்சாரம் எடுத்த பிறகு கீழே போய்க் கொழும்பின் குடிநீர்க் குழாய்களுக்கு வருகிறது. தலவாக்கலைப் பக்கத்து ஓடைகள் 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போய், அங்கிருந்து மகாவலியைச் சேர்கின்றன. நாட்டின் தண்ணீர்த் தொட்டி என்று மலைநாட்டைப் புகழாத அமைச்சர் கிடையாது. அந்தத் தொட்டியின் மூடிக்கு மேல் என்ன கொட்டிக்கிடக்கிறது என்று எழுதி வைத்திருக்கும் கொப்பி மட்டும் எந்த அலுவலகத்திலும் இல்லை.

குப்பை மேடு என்றவுடன் நாட்டுக்கு நினைவு வருவது மீதொட்டமுல்ல. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு தினத்தில் அந்த மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. புளூமெண்டால் மேட்டை மூடவேண்டி வந்தபோது, தற்காலிக ஏற்பாடாகத்தான் 2009இல் கொழும்பு மாநகரத்தின் குப்பை அந்தப் பக்கம் திருப்பிவிடப்பட்டது. தற்காலிகம் எட்டு வருடம் நீடித்தது. விபத்து நடந்த சில நாட்களில் அரசு செய்த காரியங்களில் ஒன்று, குப்பை அகற்றலை அத்தியாவசிய சேவையாக்கி வர்த்தமானி வெளியிட்டது. குப்பை லொறியை மறிப்பவர் சட்டத்தை மீறியவர் ஆனார். குப்பையை எங்கே கொட்டலாம், எங்கே கொட்டக்கூடாது என்று சொல்லும் சட்டம் அந்த வேகத்தில் வரவில்லை. மலைநாட்டுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் கண்டியின் கொஹாகொட. பல பத்து வருடமாக ஒரு மாநகரத்தின் குப்பை முழுவதும் மகாவலிக் கரையோரத்துச் சரிவில் குவிந்தது, அதன் கழிவுநீர் ஆற்றில் இறங்கியது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அது ஓயாத ஆய்வுப் பொருள்.

ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இந்தக் கதையில் பாதிதான். மற்றப் பாதி பச்சைப் பசேல் என்று இருக்கும்.

தேயிலை மலை மருந்து கண்ட மலை. 1930களின் நடுவில் டோட்ரிக்ஸ் புழு தேயிலையைத் தின்றபோது, ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடம்பில் முட்டையிட்டுப் புழுவைக் கொன்றது. மருந்தே இல்லாமல் புழு அடங்கியது. 1950களில் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற நஞ்சை அடித்தார்கள். வண்டோடு சேர்ந்து குளவியும் செத்தது, அடங்கியிருந்த டோட்ரிக்ஸ் திரும்பப் பொங்கியது. பூச்சியியல் மாணவர்களுக்கு உலகம் முழுவதும் பாடமாகச் சொல்லப்படும் இலங்கைக் கதை இது. பாடப்புத்தகம் அதோடு நிறுத்திக்கொள்ளும். அடித்த டீல்ட்ரின் எங்கே போனது என்ற கேள்வி அதற்குத் தேவையில்லை. மண்ணில் விழுந்தால் வருடக்கணக்கில் கரையாமல் கிடப்பது அதன் குணம். அதனால்தான் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்கச் சொன்ன நஞ்சுகளின் முதல் பட்டியலிலேயே அது இடம்பிடித்தது. இலங்கையும் 2005இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது.

1946இல் கொப்புள நோய் வந்தது. இலையில் கொப்புளம் போட்டுக் கொழுந்தையே கருக்கும் பூஞ்சணம். அதற்குச் செப்பு மருந்து. ஈரமும் பனிமூட்டமும் கூடிய மேல்மலைத் தோட்டங்களில் பருவத்துக்குப் பருவம் அடித்தாகவேண்டும். செப்பு ஆவியாகாது, அழுகாது. மேல்மண்ணிலேயே தங்கிச் சேரும். பிறகு பரகுவாட் என்ற களைகொல்லி வந்தது. 2008 தொடங்கிப் படிப்படியாக நிறுத்தப்பட்டது. கிளைபோசேட்டை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தினார்கள். இடையில் தோட்டங்கள் வேறு களைகொல்லிக்குத் தாவ, அதன் எச்சம் இருக்கிறதென்று ஜப்பான் இலங்கைத் தேயிலையை மடக்கியது. ஜப்பான்காரர் குடிக்கும் கோப்பையில் என்ன இருக்கிறது என்று அளக்க ஆய்வுகூடம் இருக்கிறது. லயத்து வாசலில் பிள்ளை விளையாடும் மண்ணில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். மலை முழுக்க விஷம் என்று யாராவது எழுதினால் அது பொய். பரந்த மலையில் தெளித்த மருந்து பரந்துதான் போகும், பெரும்பாலான காணி பயமில்லாத காணி. செப்பு மனிதனைவிடச் செடிக்கும் மண்புழுவுக்கும்தான் கூடுதல் கேடு. உண்மையான சிக்கல் சில குறிப்பிட்ட இடங்களில் இருக்கிறது. மருந்து கலக்கும் இடம் அதில் முதலாவது. மருந்தடிப்பவர் காலையில் அங்கேதான் டாங்கியை நிரப்புவார், மாலையில் அங்கேதான் கழுவிக் கவிழ்ப்பார். தண்ணீர் தேவை என்பதால் அந்த இடம் எப்போதும் ஓடைக்கரையிலோ பீலிக்குப் பக்கத்திலோ இருக்கும். ஐம்பது வருடம் ஒரே கல்லின் மேல் வைத்துக் கழுவிய டாங்கியை நினைத்துப் பாருங்கள். அடுத்தது மருந்தும் உரமும் வைத்த பழைய அறை. அதற்கு அடுத்தது ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை: உலை எண்ணெய், டீசல், ஜெனரேட்டர் நின்ற தரை, பழைய டிரான்ஸ்போமர். பட்டணத்துக்கு வந்தால் வாகனத் திருத்தகம், பற்றரிக் கடை, மூடிப்போன பெற்றோல் நிலையத்தின் நிலத்தடித் தாங்கி. எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு தோட்டத்தில் சில பேர்ச் நிலம்தான் வரும். அந்தச் சில பேர்ச் எது என்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

சட்டத்தில் இதற்கு ஒரு நுனி ஏற்கெனவே இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தொழில்கள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். 2008 ஜனவரி வர்த்தமானி அவற்றை மூன்றாகப் பிரித்தது. பாரிய மாசு உண்டாக்கும் தொழில்களை மத்திய சுற்றாடல் அதிகார சபை வைத்துக்கொண்டது. குறைந்த மாசு என்று கருதிய 25 தொழில்களை உள்ளூராட்சி மன்றங்களின் கையில் விட்டது. அந்த 25க்குள் எரிபொருள் நிரப்பு நிலையமும் இருந்தது, தேயிலைத் தொழிற்சாலையும் இருந்தது. ஆக, எந்த ஸ்டோர் எங்கே ஓடியது, எந்தத் தாங்கி எங்கே புதைந்தது என்ற தகவலில் ஒரு பகுதி நகர சபையின், பிரதேச சபையின் அலுமாரியிலேயே கோப்பாகக் கிடக்கிறது. தொழில் நடக்கும்வரை அந்தக் கோப்புக்கு மரியாதை. தொழில் மூடினால் அனுமதிப்பத்திரம் காலாவதியாகும், கோப்பும் கறையானுக்குப் போகும். மண்ணை மாசுபடுத்துவது குற்றம் என்று 1988 திருத்தத்திலேயே எழுதியாயிற்று. மாசுபட்ட மண் எங்கே இருக்கிறது என்று தேடிப் பதியவேண்டிய கடமையை மட்டும் எந்தச் சபைமீதும் சுமத்தவில்லை.

இப்போது இது ஏன் அவசரம்? மலைநாட்டில் நிலம் கைமாறும் காலம் இது. 2017 மே மாதம் நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச் காணியும் உறுதியும் என்ற பேச்சு இரண்டு நூற்றாண்டு லய வாழ்க்கைக்குப் பிறகு கிடைத்த நில வாக்குறுதி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைகளை உருட்டி, நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்களைப் பலியெடுத்த பிறகு, பாதுகாப்பான காணி எங்கே என்ற தேடல் இன்னும் கடுமையாகியிருக்கிறது. சரிவு வேண்டாம், ஓடையோரம் வேண்டாம், மண் அசையும் இடம் வேண்டாம் என்று கழித்துக்கொண்டே போனால் மிச்சமாவது எது? பாதைக்கு அருகில் இருக்கும் சமதரை. தோட்டத்தில் சமதரையாக வெட்டி வைத்த இடம் எது? பழைய ஸ்டோர் நின்ற இடம், உர அறை, லொறிக் கொட்டகை, தவறணை, சில ஊர்களில் நிரப்பி மூடிய குப்பைப் பள்ளம். கணக்கு அங்கேதான் போய் நிற்கிறது.

பழைய இடத்தைப் புதிதாக்குவதில் மலைநாடு பின்தங்கியது என்று சொல்லவும் முடியாது. கந்தப்பளையில் 1973இல் மூடிய ஹெதர்செட் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாக மாறி, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்களை வரவழைக்கிறது. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய ஸ்டோர் கைவிடப்பட்டுக் கிடந்து, 2001இல் தேயிலை அரும்பொருட்சாலையாகத் திறந்தது. முதலீடு இருக்கிற இடத்தில் பொறியியலாளர் வருவார், தரையைத் தோண்டிப் பார்ப்பார், தேவையென்றால் மண்ணை மாற்றுவார். 7 பேர்ச்காரனுக்கு அப்படி யார் வருவார்?

சபை ஒன்று இந்த வேலையை அரைகுறையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் கோர்பி நகரம் சாட்சி. உருக்காலை ஊர் அது. 1980இல் உருக்கு உற்பத்தி நின்று ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். நகர சபை ஊரை மீட்கவேண்டும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் ஆலைக் காணியை வாங்கியது. 1980களின் நடுவிலிருந்து 1997வரை அந்த மண்ணைத் தோண்டி லொறிகளில் ஏற்றி ஊர் வழியாகக் கொண்டுபோனது. லொறிகளைச் சரியாக மூடவில்லை. சில்லில் ஒட்டிய சேறு வீதியில் காய்ந்து தூசியாகப் பறந்தது. கட்மியம், குரோமியம் கலந்த தூசி. அந்தக் காலத்தில் கர்ப்பமாக இருந்த தாய்மாருக்குக் கைவிரல், கால்விரல் குறைந்த பிள்ளைகள் பிறந்தன. 2009 ஜூலையில் நீதிமன்றம் சபையின் கவனயீனம் என்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருடம் சபை குடும்பங்களோடு இணக்கத்துக்கு வந்து மன்னிப்பும் கேட்டது. கவனிக்கவேண்டியது இதுதான்: ஆலை நடந்தபோது உண்டான கேட்டுக்காகச் சபை கூண்டில் ஏறவில்லை. சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பிய வேலைக்காகத்தான் ஏறியது. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் அந்த நஞ்சு மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

அதே இங்கிலாந்தில் 2000 ஏப்ரல் முதல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு உள்ளூராட்சி மன்றமும் தன் எல்லைக்குள் மாசுபட்ட காணி இருக்கிறதா என்று தானாகவே தேடவேண்டும். உறுதியானால் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பதிவேட்டில் எழுதவேண்டும். மாசுபடுத்தியவரைச் சுத்தம் செய்யச் சொல்லி அறிவித்தல் கொடுக்கவேண்டும். அவர் இல்லையென்றால் காணிக்காரர் பொறுப்பு. எல்லாம் அழகாக ஓடியது என்று நினைக்கவேண்டாம். மத்திய அரசு கொடுத்த மானியம் நின்றபோது சபைகளின் தேடலும் சுருங்கியது. கடமையைக் கொடுத்துப் பணத்தைக் கொடுக்காவிட்டால் லண்டனுக்குப் பக்கத்துச் சபையும் அம்பகமுவ சபை மாதிரித்தான் நடந்துகொள்ளும்.

மலையும் தமிழும் சேர்ந்த இன்னோர் இடம் கொடைக்கானல். அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து 1980களில் நட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பின்னாளில் யூனிலீவர் குழுமத்தின் கைக்கு வந்தது. 2001 மார்ச்சில் ஊருக்குள் இருந்த பழைய இரும்புக் கடையில் உடைந்த வெப்பமானிக் குவியலை மக்கள் கண்டுபிடித்தார்கள். ஆலை மூடியது. 2003இல் சுமார் 290 தொன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்களோடு கம்பனி இணக்கத்துக்கு வர 2016 ஆனது. மண் மட்டும் அதற்குப் பிறகும் காத்திருந்தது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம்வரை விடலாம் என்ற வழக்காடல் வருடக்கணக்கில் இழுத்தது. பாதரசத்தைக் கண்டுபிடித்தவர்கள் ஊர்மக்களும் சுற்றாடல் செயற்பாட்டாளர்களும். தொழில் உரிமம் கொடுத்த அலுவலகங்கள் அல்ல.

யார் செலவழிப்பது என்ற கேள்வி வரும்போது இலங்கைச் சபைகள் கையை விரிக்கும். பணம் இல்லை என்பது உண்மைதான். 2017இன் எல்லைப் பிரிப்பில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் இரண்டும் பிரிந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள் உருவாயின. பழைய வருமானத்தைப் பங்குபோட்டுக்கொண்ட சபைகள். 2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்து 2025 மே தேர்தல்வரை மக்கள் பிரதிநிதியே இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்தன. ஆனால் பணம் சபையிடமிருந்துதான் வரவேண்டும் என்று யார் சொன்னது? சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணற்று நீரில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலுத்தவேண்டும் என்ற கொள்கையை எடுத்துக்காட்டி, மின் கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுக்குப் பொருந்திய நீதி பொகவந்தலாவைப் பீலிக்கும் பொருந்தும். தோட்டங்களில் கணக்கு கொஞ்சம் சிக்கலானதுதான். டீல்ட்ரின் அடித்தது வெள்ளைக்காரக் கம்பனி, செப்பைத் தொடர்ந்து அடித்தது அரச கூட்டுத்தாபனம், களைகொல்லி அடித்தது இன்றைய குத்தகைக்காரர். காணியின் இன்றைய சொந்தக்காரர் அரசு. அப்படியென்றால் திறைசேரியும் குத்தகைக் கம்பனியும் பங்குபோடவேண்டிய செலவு இது. 7 பேர்ச் வாங்குபவர் தலையில் ஒரு சதமும் விழக்கூடாது.

இந்தப் பேச்சுக்கு மலையகத்திலேயே ஓர் எதிர்ப்பு எழும், அது நியாயமான எதிர்ப்பு. மாசு, பரிசோதனை, பதிவேடு என்று கிளப்பினால், காணி கொடுக்க மனமில்லாத தோட்ட நிர்வாகத்துக்கு இன்னொரு சாக்கு கிடைக்கும். நாலு வருடம் பரிசோதனை, நாலு வருடம் அறிக்கை, அதற்குள் ஒரு தலைமுறை லயத்திலேயே முடிந்துபோகும். மீரியபெத்தையை மறக்க முடியாது. 2005இலும் 2011இலும் அந்த மக்களுக்கு இடம்பெயரச் சொல்லி எச்சரிக்கை கொடுத்தார்கள். போவதற்கு மாற்றுக் காணி கொடுக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி வந்தது. காணி இல்லாத எச்சரிக்கை, எழுதியவரின் பொறுப்பைக் கழுவும் கடதாசி மட்டுமே. ஆகவே ஒரு துண்டுக் காணியை ஆகாது என்று எழுதும் அதே கடிதத்தில், அதே தோட்டத்துக்குள் அதற்குப் பதிலான துண்டு எது என்றும் எழுதியிருக்கவேண்டும். அப்படி எழுதாத அறிக்கையைச் சபை ஏற்கக்கூடாது.

செய்முறை அவ்வளவு கடினமில்லை. மலைநாட்டில் வீடு கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி இப்போதே தேவைப்படுகிறது. அந்த நிறுவனத்திடம் சுற்றாடல் ஆய்வுப் பிரிவும் ஆய்வுகூடமும் இருக்கின்றன. சரிவைப் பார்க்க வரும் அதே அதிகாரி, இந்தத் தரையில் முன்பு என்ன இருந்தது என்ற ஒரு கேள்வியையும் படிவத்தில் சேர்த்துக் கேட்கலாம். பதில் சந்தேகமாக இருந்தால் மட்டும் ஒரு மண் மாதிரி. தேயிலை மண்ணை நூறு வருடமாக அறிந்த ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸிலேயே இருக்கிறது.

அந்த ஒரு கேள்விக்கு யார் பதில் சொல்வார் என்பதில்தான் கவனம் வேண்டும். தோட்ட அலுவலகத்துப் பழைய கோப்புகள் 1972இலும் 1992இலும் கைமாறியபோது பல தொலைந்திருக்கும். ஆனால் இளைப்பாறிய கணக்கப்பிள்ளை, முப்பது வருடம் மருந்தடித்த கிழவர், ஸ்டோரில் ‘போயிலர்’ பார்த்தவர் எல்லாம் ஊரில் இருக்கிறார்கள். எந்த மலையின் கீழ் மருந்து கலந்தார்கள், எந்தக் குழியில் காலாவதியான குப்பிகளைப் போட்டு மூடினார்கள், டீசல் தாங்கி எந்தப் பக்கம் புதைந்திருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்டுவார்கள். கிராம உத்தியோகத்தரும் பொது சுகாதாரப் பரிசோதகரும் ஒரு பின்னேரம் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும், ஒரு தோட்டத்தின் வரைபடம் கையில் வந்துவிடும். இந்த மனிதர்களுக்கும் வயதாகிறது. காத்திருந்தால் கோப்பும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார்.

சபையே கண்காணிப்பாளராகவும் சபையே குப்பை கொட்டுபவராகவும் இருப்பது இதில் பெரிய முடிச்சு. தன் மேட்டைத் தானே பதிவேட்டில் எழுதச் சபை தயங்கும். நுவரெலியா மாநகர சபைக்கு ஒரு நல்ல முன்னனுபவம் உண்டு. 2000களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜைக்கா உதவியோடு மூன் பிளேன்ஸில் கழிவை ஒழுங்காக நிரப்பும் தளம் ஒன்று அமைக்கப்பட்டது. ஏழு நகரங்களைப் பார்த்து ஜைக்கா செய்த ஆய்வின் முன்னோடி வேலை அது. இன்று அந்தப் பக்கத்துப் புல்வெளிக்கு மாநகர சபையே டிக்கெட் விற்று ஜீப்பில் ஆட்களைக் கூட்டிப்போகிறது. குப்பைத் தளமும் சுற்றுலாத் தளமும் ஒரே சபையின் பொறுப்பில், ஒரே சமவெளியில். இந்த நிலையில் கழிவுத் தளத்தின் மண், நீர் பரிசோதனை முடிவுகளை வாசலிலேயே ஒட்டிவைத்தால் வருமானம் குறையாது. மற்றச் சபைகளுக்கும் அதே விதி போடலாம்: பழைய மேடு, புதிய மேடு எல்லாவற்றையும் சபை தானே பதியவேண்டும், சரிபார்ப்பது மட்டும் மாகாண மட்டத்தில் வேறொருவர் கையில் இருக்கவேண்டும். மூடிய மேட்டின் மேல் விளையாட்டு மைதானமும் சந்தையும் கட்டும் ஆசை சபைகளுக்கு எப்போதும் உண்டு. உள்ளே அழுகிக்கொண்டிருக்கும் குப்பை பல வருடம் தாழும், வாயுவும் கக்கும் என்பதைத் தவிசாளரிடம் சொல்ல ஒரு பொறியியலாளர் வேண்டும்.

தோட்டக் கம்பனிகளின் குத்தகை 2045இல் முடிகிறது. அதற்கு முன்பே பல கம்பனிகள் தேயிலை விளையாத காணியை மரக்கறிக்கும் விடுதிக்கும் சிறு மின் திட்டங்களுக்கும் திருப்பிக்கொண்டிருக்கின்றன, திருப்பப் பார்க்கின்றன. குத்தகை புதுப்பித்தாலும் சரி, உபகுத்தகைக்கு விட்டாலும் சரி, கையெழுத்துக்கு முன்னால் காணியின் மண் நிலையைப் பதிந்த ஓர் இணைப்பு அந்த ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும் என்று பெருந்தோட்ட அமைச்சு இன்றே சுற்றறிக்கை அனுப்பலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. அந்த இணைப்பின் பிரதி ஒன்று சம்பந்தப்பட்ட பிரதேச சபைக்குப் போகவேண்டும். 33ஆவது பிரிவு திருத்தப்பட்ட பிறகு தோட்டத்துக்குள் வர உரிமை பெற்ற சபைகள் அதைக் கேட்டு வாங்கும் முதல் தீர்மானத்தை அடுத்த மாதாந்தக் கூட்டத்திலேயே நிறைவேற்றலாம். கொட்டகலையும் நோர்வூட்டும் மஸ்கெலியாவும் ஒரே வாரத்தில் நிறைவேற்றினால் கொழும்பில் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பது அமைச்சுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும்.